நடப்பதும் போவதும்

2021ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலை, ரசத்துக்குக் கொத்தமல்லி இல்லையென்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார். நான் வாசல் சாய்தளத்தில் இறங்கித் தெருமுனைக்குப் போனேன். அங்கே சாக்கு விரித்துக் கீரை விற்கும் அம்மாளின் கூடைக்கு நேராக வண்டியை நிறுத்திக் குனிந்து, மேலே கிடந்த இரண்டு கட்டுகளை விலக்கிவிட்டு, அடியிலிருந்து மஞ்சள் தட்டாத ஒரு கட்டை எடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அப்போது எனக்கு 47 வயது நடந்துகொண்டிருந்தது. அரசு வேலையில் 22 ஆண்டுகளைக் கழித்திருந்தேன். இந்த வீட்டின் கடனை என் சம்பளத்தில்தான் அடைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஒரு கட்டுக் கொத்தமல்லியை என் கையால் புரட்டிப் பார்த்து வாங்கியது அதுவே முதல் முறை.

வண்டி என்று நான் சொல்வது என் சக்கர நாற்காலியை. நாற்காலி என்றால் உட்கார்ந்திருக்கும் நினைப்பு வருகிறது. வண்டி என்றால் போகும் நினைப்பு வருகிறது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் அது வண்டிதான். நடப்பது வேறு, போவது வேறு என்பது எனக்கும் என் வீட்டாருக்கும் எனக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும் விளங்குவதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

1976இல், எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது இரண்டு கால்களும் ஈரத்துணி போலத் தொங்கின என்று அம்மா சொல்வார். தேசியத் தடுப்பூசித் திட்டம் 1978இல்தான் தொடங்கியது. போலியோ சொட்டு மருந்து அதில் சேர்ந்தது அதற்கும் பிறகு. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் அந்த ஓராண்டில் மட்டும் மூன்று பிள்ளைகளுக்குக் கால் போயிற்று. மற்ற இருவரும் இப்போது இல்லை.

ஏழு வயது வரை நான் தவழ்ந்துதான் வளர்ந்தேன். பார்ப்பவர்களுக்கு அது பரிதாபமாக இருந்திருக்கலாம், எனக்கு அப்படி இருந்ததில்லை. இரண்டு கைகளிலும் பழைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, தாழ்வாரம், கொல்லைப்புறம், கிணற்றடி, மாட்டுக்கொட்டில் என்று நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போவேன். அண்ணனைத் துரத்திப் பிடித்துக் கடித்ததுகூட உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், சேர்ப்பதென்றால் அது நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று பெரியவர்கள் முடிவெடுத்த நாளிலிருந்து என் நடமாட்டம் குறையத் தொடங்கியது.

மதுரையில் அளவெடுத்துக் காலிபர் செய்து கொடுத்தார்கள். இடுப்பில் ஒரு தோல் பட்டை, அதிலிருந்து இரு கால்களின் இரு பக்கமும் இறங்கும் இரும்புப் பட்டைகள், முழங்காலுக்கு முன்னால் ஒரு தோல் மூடி, அடியில் கனத்த பூட்ஸ். முழங்கால் மூட்டில் ஒரு வளையம் இருக்கும். எழுந்து நிற்கும்போது அது கீழே நழுவிப் பூட்டிக்கொள்ள வேண்டும். உட்கார வேண்டுமானால் குனிந்து அதை மேலே இழுத்துத் திறக்க வேண்டும். வியர்வையில் தோல் இறுகி, மழைக்காலத்தில் வளையம் துருவேறி, அது முழுதாக விழுந்ததா, பாதியில் நிற்கிறதா என்பது எடை வைக்கும்வரை தெரியாது. மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் காலை வழிபாட்டில், நீராரும் கடலுடுத்த பாதியில் இருக்கும்போது, வலது வளையம் விட்டுக்கொடுத்தது. மடித்து வைத்த குடை போல நான் கீழே விழுந்தேன். பாட்டு நிற்கவில்லை, பாட்டு முடிந்த பிறகுதான் என்னைத் தூக்கினார்கள். அந்த ஒழுங்கை நினைத்து இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே 400 மீட்டர்தான் இருக்கும். இரண்டு அக்குள் கட்டைகளும் காலிபரும் சேர்ந்து என்னை அங்கே கொண்டு சேர்க்க அரை மணி நேரம் ஆகும். போய்ச் சேர்ந்த பிறகு மூன்றாவது பாடவேளை வரை கை நடுங்கும், எழுத்து கோணும். கட்டையில் எடையைக் கைப்பிடியில் தாங்க வேண்டும், அக்குளில் தாங்கினால் கைக்குப் போகும் நரம்பு நசுங்கும் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. விரல்கள் ஏன் மரத்துப்போகின்றன என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும் "பிள்ளை நடக்குதே" என்று சொன்னார்கள். அம்மா அதைக் கேட்பதற்காகவே என்னோடு கூட வருவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டவருக்குக் கிடைத்த பலன் அது. ஆனால் கிணற்றடிக்கும் கொட்டிலுக்கும் நான் பிறகு போகவே இல்லை. நடக்கிற பிள்ளை தவழக்கூடாது.

பதினான்கு வயதில் ஒரு முகாமில் கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிள் கிடைத்தது. ஐக்கிய நாடுகள் சபை உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த 1981இல், மத்திய அரசு உபகரணம் வழங்கும் திட்டமொன்றைத் தொடங்கியிருந்தது. அதன் பிறகுதான் இத்தகைய முகாம்கள் எங்கள் பக்கம் வரத் தொடங்கின. மேடையில் மாலையும் புகைப்படமும் இருந்தன, அளவெடுப்பவர் மட்டும் இல்லை. எனக்கும் நாற்பது வயது ஆண் ஒருவருக்கும் ஒரே அளவுச் சைக்கிள். என் கை கைப்பிடியின் உச்சிக்கு எட்டாது. ஒவ்வொரு சுற்றுக்கும் இடுப்பை இருக்கையிலிருந்து எக்க வேண்டும். தாவணி முந்தானை சங்கிலியில் சிக்கிக் கிழியும். இவ்வளவு இருந்தும் அந்தச் சைக்கிளை நான் நேசித்தேன். முதல் முறையாகப் பஞ்சாயத்து அலுவலகத்தைத் தாண்டிக் கண்மாய்க்கரை வரை தனியாகப் போனது அதில்தான். திரும்பி வந்தபோது வாசலில் ஊரே நின்றது, பிள்ளையைக் காணோமென்று.

வேலை 1999இல் கிடைத்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசு வேலையில் மூன்று சதவீத இடத்தை எங்களைப் போன்றவர்களுக்கு ஒதுக்கியிருந்தது (2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை நான்காக்கியது). முதல் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கி, பட்டறையில் பின்னால் இரண்டு பக்கச் சக்கரங்களைப் பொருத்தினேன். பதிவுச் சான்றில் வாகன வகை "இன்வேலிட் கேரேஜ்" என்று ஏறி வந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் சொல் அது. இன்வேலிட் என்றால் நோயாளி என்றும் பொருள், செல்லாதது என்றும் பொருள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டு, உங்கள் வண்டி செல்லாத வண்டியா என்று கேட்டார். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தச் சொல்லை நீக்கி "அடாப்டட் வெஹிக்கிள்", அதாவது தேவைக்கேற்ப மாற்றியமைத்த வண்டி, என்று மாற்றியது. இருபது ஆண்டுகள் நான் ஓட்டியது செல்லாத வண்டிதான்.

ஸ்கூட்டர் எனக்கு ஊரைக் கொடுத்தது. ஆனால் ஊரின் வாசல் வரைதான் கொடுத்தது. கடை முன்னால் நிறுத்தி ஒலிப்பானை அழுத்துவேன். கடைக்காரப் பையன் வருவான். அவன் எடுத்து வருவதை நான் வாங்கிக்கொள்வேன். துணிக்கடையில் எனக்குப் பிடித்த நிறம் உள்ளே எந்த அடுக்கில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. பக்கச் சக்கரம் போட்ட ஸ்கூட்டருக்குப் பின்னோக்கிப் போகும் கியர் கிடையாது என்பதைச் சொன்னால், ஓட்டிப் பார்க்காதவர்கள் அது ஒரு சிறிய குறை என்று நினைப்பார்கள். ஒரு சந்தில் எதிரே லாரி வந்துவிட்டால், நிறுத்துமிடத்தில் முன்னால் ஒரு பைக்கை விட்டுவிட்டுப் போய்விட்டால், யாராவது ஒருவர் வந்து பின்னால் தள்ளிவிட வேண்டும். "அண்ணே, கொஞ்சம் பின்னால தள்ளிவிடுறீங்களா" என்ற வாக்கியத்தை நான் சொன்ன எண்ணிக்கைக்கு என் பெயரைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

2015வாக்கில் என் இடது கையால் தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை. அலுவலகப் படி ஆறும் அறுபது போல் ஆயின. மதியத்துக்குமேல் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பாடாக இருந்தது. வயதாகிறது, எடை கூடிவிட்டது, சத்துக் குறைவு என்று மூன்று மருத்துவர்கள் மூன்று விதமாகச் சொன்னார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நம் நாட்டில் இயற்கையான போலியோ கிருமி தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. நோய் ஒழிந்தது பெரும் சாதனை. அதோடு, அந்த நோயைக் கண்ணால் பார்த்த மருத்துவர்களும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். பாடநூலில் ஒரு பக்கமாகச் சுருங்கிவிட்ட நோயை உடம்பில் சுமந்துகொண்டு நாங்கள் மட்டும் இன்னும் இருக்கிறோம்.

நான்காவதாகப் பார்த்த மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். போலியோ கிருமி தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களைக் கொல்லும். தப்பிப் பிழைத்த நரம்பணுக்கள் புதுக் கிளைகள் விட்டு, ஆதரவற்றுப்போன தசைநார்களையும் தம்மோடு இணைத்துக்கொள்ளும். ஒருவர் செய்ய வேண்டிய வேலையைப் பல மடங்காகச் செய்து, முப்பது நாற்பது ஆண்டுகள் குடும்பம் நடத்திய பிறகு, அந்தக் கிளைகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும். அதற்குப் போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுப்பு என்று பெயர். குணமாக்கும் மருந்து இல்லை. இருக்கிற பலத்தைச் செலவு பார்த்துச் செய்ய வேண்டும். "நீங்கள் நடந்தது போதும்" என்றார் அவர். நான் அழுதேன். அண்ணன் என்னைவிட அதிகமாக அழுதார். நான் நடப்பதற்காக அவர் என் புத்தகப் பையைப் பத்தாண்டுகள் சுமந்தவர்.

வீட்டில் எவரும் சக்கர நாற்காலி என்ற சொல்லை ஒரு வருடம் எடுக்கவில்லை. காலிபர் போட்டிருப்பவள் தேறி வருகிறவள், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவள் தோற்றுவிட்டவள் என்ற ஒரு கணக்கு எங்கள் எல்லோருக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியில் உருவானது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவை இழந்தவர், 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இவ்விருவரைப் பற்றியும் எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். அவர்கள் நடக்கவில்லை, ஆனால் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போனார்கள் என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை. தெரிந்திருப்பதற்கும் உறைப்பதற்கும் நடுவில் என் விஷயத்தில் ஒரு தோசைக்கல் தேவைப்பட்டது.

முதலில் வாங்கியது மருத்துவமனைகளில் இருக்கும் மடக்கு நாற்காலி. அதைப் பற்றி நீளமாகச் சொல்வதற்கு இல்லை. ஏறத்தாழ இருபது கிலோ எடை, 18 அங்குல இருக்கை. என் இடுப்போ 14 அங்குலம். நடுவில் மிதந்துகொண்டு, சக்கரத்தை எட்ட இரு தோள்களையும் விரித்துத் தள்ள வேண்டும். அது பின்னால் நின்று தள்ளுகிறவருக்காகச் செய்யப்பட்ட சாமான். நோயாளியை வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோவதற்கு அது போதும். அந்த நாற்காலியில் எட்டு மாதம் இருந்தபோது தோள்வலி இரட்டித்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சக்கர நாற்காலிக்கும் ஐந்து சதவீத வரி போட்டார்கள். கால்களுக்கு வரியா என்று பலர் கேட்டார்கள். என்னைக் கேட்டால், அளவு பொருந்தாத நாற்காலிக்கு உடம்பு கட்டும் வரி அதைவிடப் பெரிது.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி மையத்தில் உருவாகி, நியோமோஷன் நிறுவனம் 2020இல் வெளியிட்ட நியோஃப்ளை நாற்காலியைப் பற்றி ஒரு தோழி சொன்னார். என் தொடையின் நீளம், முழங்காலிலிருந்து பாதம் வரை, இடுப்பின் அகலம், முதுகில் எந்த உயரம் வரை தாங்கல் வேண்டும் என்று எல்லாவற்றையும் அளந்தார்கள். துணி தைக்க என்னை அளந்திருக்கிறார்கள், காலிபர் செய்யக் காலை அளந்திருக்கிறார்கள்; உட்கார்ந்திருக்கும் என்னை முழு ஆளாக யாரும் அளந்ததில்லை. வந்த வண்டியில் அச்சு என் தோளுக்கு நேர் கீழே இருந்தது. கையைத் தொங்கவிட்டால் விரல் சக்கரத்தின் மையத்தைத் தொட்டது. ஒரு தள்ளு தள்ளினேன். கூடத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கச் சுவருக்குப் போய் முட்டினேன். அம்மா உள்ளிருந்து, "என்னடி சத்தம்" என்றார். தவழ்ந்த காலத்துக்குப் பிறகு நான் அந்த வேகத்தில் எங்கும் போனதில்லை.

அதன் முன்னால் மாட்டிக்கொள்ளும் நியோபோல்ட் என்ற மின் இணைப்பும் சேர்ந்தே வந்தது. மாட்டினால் மூன்று சக்கர மின்வண்டி. ஒரு முறை மின்னேற்றினால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் போகும். கழற்றினால் மறுபடி நாற்காலி. கடை வாசலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகலாம் என்பதுதான் விஷயம். வெளியே போகும் கருவி வேறு, உள்ளே போகும் கருவி வேறு என்று இருபது ஆண்டுகளாகப் பிரிந்து கிடந்தது ஒன்றாகச் சேர்ந்தது. பின்னோக்கிப் போக வேண்டுமானால் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தால் போதும், எந்த அண்ணனையும் கூப்பிட வேண்டாம்.

ஆனால் வாசலில் மூன்று படிகள் இருந்தன. படிக்கு ஆறு அங்குலம், மொத்தம் பதினெட்டு. சாய்தளக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். எங்களுக்குப் பதினெட்டு அடி வேண்டும், வாசலிலோ ஒன்பது அடிதான் இருந்தது. கொத்தனார் நான் அலுவலகத்தில் இருக்கும்போது ஆறு அடியில் ஒரு சரிவைப் போட்டு, சிமெண்டில் வரி இழுத்து, அழகாக முடித்து வைத்திருந்தார். "பைக்கே சல்லுனு ஏறுதுக்கா" என்று ஏற்றியும் காட்டினார். நான் ஏறினேன், பாதியில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பி, வண்டி பின்னால் சாய்ந்தது. அவர் பிடித்துக்கொண்டார், முகம் வெளுத்துவிட்டது. பிறகு என்னை இறக்கிவிட்டு அவரே வண்டியில் உட்கார்ந்து ஏறிப் பார்த்தார். இரண்டாவது தள்ளுக்கு மேல் அவராலும் முடியவில்லை. மறுநாள் இடித்துவிட்டு, பக்கச் சந்து வழியாக ஒன்பது அடி, திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி மேடை, மறுபடி ஒன்பது அடி என்று எல் வடிவத்தில் கட்டினார். இடித்ததற்குக் கூலி வாங்கவில்லை. இப்போது வேறு வீடுகளில் சாய்தளம் கட்டும்போது முதல் கேள்வியாக, "வண்டி இருக்கா, ஏறிப் பாக்கணும்" என்று கேட்கிறார் என்று கேள்வி.

கழிவறைக் கதவை 32 அங்குலத்துக்கு அகலப்படுத்தினோம், சுவரில் பிடிகம்பி வைத்தோம். இதைக் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. நாற்பது ஆண்டுகள் நான் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இடையே ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் குடித்ததில்லை. பள்ளியிலும் அலுவலகத்திலும் என்னால் போகக்கூடிய கழிவறை இல்லை. யாரையாவது தூக்கச் சொல்வதைவிடத் தாகம் எளிது. சிறுநீரகக் கல்லும் அடிக்கடி வந்த தொற்றும் அந்த எளிமையின் விலை. என்னைப் போன்ற எந்தப் பெண்ணிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள், அவளும் ஒரு டம்ளர் கணக்கைச் சொல்வாள்.

வீட்டைத் தாண்டியதும் மறுபடி ஊர் தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இருக்கும் பொதுக்கட்டடங்களையெல்லாம் விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும். விதிகள் 2017 ஜூனில் வந்தன, கெடு 2022இல் முடிந்தது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி என்பவர் தொடுத்த வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருக்கக்கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் சாய்தளம் கட்டிவிட்டார்கள். அது தொடங்கும் இடத்தில் வழியை மறித்து ஜெனரேட்டரை வைத்துவிட்டார்கள். நடைபாதைக்கு ஏற வழி விடுவார்கள், பைக்குகள் ஏறாதிருக்க அதே வழியில் கம்பி நடுவார்கள். சென்னைக்கு ஒரு பயிற்சிக்காகப் போனபோது மெட்ரோவில் ஏறினேன். நடைமேடையும் பெட்டியின் தளமும் ஒரே மட்டத்தில் இருந்தன. முன்சக்கரத்தைச் சற்றே தூக்கி உள்ளே போனேன், அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்த அலட்சியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கேட்காமல் பின்னால் வந்து தள்ளுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் சரிவில் நான் இழுத்துப் பிடித்திருக்கும்போது பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால் என் கட்டைவிரல் சக்கரத்துக்குள் போகும். "வேண்டாம் தம்பி, நானே போய்க்குவேன்" என்றால் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அதற்காகச் சில நேரம் தள்ளவிட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து நானே பராமரிப்பு பார்க்கிறேன். காற்று குறைந்திருந்தால் சைக்கிள் பம்பால் அடித்துக்கொள்வேன். முன்னால் இருக்கும் சிறு சக்கரங்களின் அச்சில்தான் வேலை அதிகம். வீட்டில் உதிரும் தலைமுடி முழுவதும் அங்கே போய்ச் சுற்றிக்கொள்ளும். வாரம் ஒரு முறை எடுக்காவிட்டால் சக்கரம் இழுக்கும். பழைய பிளேடால் கீறி, ஊக்கால் நெம்பினால், என் கருப்பு முடியும் அம்மாவின் நரைமுடியும் பின்னிக் கயிறாக வெளியே வரும். போன வாரம் அதோடு ஒரு முழ நீளத்துக்கு மல்லிகைப்பூ கட்டிய வாழைநாரும் வந்தது. நாங்கள் வீட்டில் பூ வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. பூக்கடைத் தெருவுக்கு நான் போயிருக்கிறேன் என்று அம்மா அதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். யாரைப் பார்க்கப் போனாய் என்று கேட்டார். சும்மாதான் போனேன் என்றேன்.